பஞ்ச காலத்துத் தோழன்

எங்கள் கல்லூரிக்குக் கால் மைல் தூரத்தில் ஒரு சிறு தேநீர்க் கடை உண்டு. சென்ற ஆண்டு ஒரு நாட் காலை, அக்கடையின் பின்புறத்து வேலியோரமாக ஒரு மாணவன் தன் சைக்கிளைச் சாத்திப் பூட்டிவிட்டு, புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரியை நோக்கி நடந்து செல்வதைக் கண்டேன். மறுநாளும் அவ்வாறே கண்டேன். மூன்றாம் நாள் அவனருகே நிறுத்திக் கேட்டேன்.

"ஏன் தம்பி, சைக்கிளைக் கல்லூரிக்குக் கொண்டுவரக் கூடாதோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சற்று நேரம் சென்ற பின், "எல்லாரும் மோட்டச் சைக்கிளிலை வருகினம், சேர். இது அப்பான்ரை பழைய சைக்கிள்" என்றான்.

நான் அதற்கு ஒரு நல்ல மறுமொழி கூறியிருக்கலாம். உழைப்பின் பெருமையைப் பற்றியும் எளிமையின் சிறப்பைப் பற்றியும் வகுப்பிற் பேசுவதற்கு ஆசிரியருக்குச் சொற்பஞ்சம் ஏற்படுவதில்லை. ஆயினும் அன்று என் வாய் திறக்கவில்லை. ஏனெனில், அவனிடம் அவ்வினாவைக் கேட்டபொழுது நான் ஏறியிருந்த மோட்டார் சைக்கிளின் இயந்திரம் எனக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை வீட்டுக் கொட்டிலுக்குட் சென்று, காலஞ்சென்ற என் தந்தையாரின் சைக்கிளை வெளியே எடுத்தேன். தூசி படிந்து, ரயர் இரண்டும் தரையோடு ஒட்டிக் கிடந்த அவ்வண்டியைத் துடைத்தபொழுது எழுந்த எண்ணங்களையே ஈண்டு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முடையிற் பிறந்த வண்டி

வரலாறு கற்பிக்கும் எனக்கு எப்பொருளையும் அதன் பிறப்பிலிருந்து நோக்குவது வழக்கமாகிவிட்டது. சைக்கிளின் பிறப்பே ஒரு பஞ்சத்தோடு தொடர்புடையதெனக் கருதுவோர் உளர். 1815ஆம் ஆண்டில் இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றிலுள்ள தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதிலிருந்து வானில் எழுந்த பொருள்கள் சூரிய ஒளியைத் தடுத்தமையால், அடுத்த ஆண்டு ஐரோப்பாவிற் கோடை காலமே இல்லாது போயிற்று. பயிர்கள் கெட்டன, மனிதருக்கே உணவு அரிதாயிருந்தபொழுது குதிரைகளுக்குத் தீனி எங்கிருந்து கிடைக்கும்? 1817ஆம் ஆண்டில், ஜேர்மனியின் மன்ஹைம் நகரில், கார்ல் வொன் டிறைஸ் என்பவர் மரத்தாலான இருசக்கர வண்டியொன்றின் மீதமர்ந்து, கால்களாற் றரையை உந்தி ஓட்டிக் காட்டினார். குதிரை வேண்டாத வாகனம் ஒன்றினை அவர் தேடியதற்கு அம்முடையே காரணமென வரலாற்றாசிரியர் சிலர் ஊகிப்பர்.

அவ்வண்டிக்கு மிதிகட்டை இல்லை, சங்கிலியும் இல்லை. இன்று நாம் ஏறிச் செல்லும் வடிவத்தை அது அடைவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றன. இங்கிலாந்தின் கொவென்றி நகரில், ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் 1885ஆம் ஆண்டில் "றோவர்" என்னும் வண்டியை உருவாக்கினார். ஏறக்குறைய ஒரேயளவான இரண்டு சக்கரங்களும், பின் சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் அதிற் பொருந்தின. 1887ஆம் ஆண்டில், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டி கல்வீதியில் அதிர்ந்து துன்புறுத்துவதைக் கண்டு, காற்றடைத்த இறப்பர் ரயரைச் செய்தார்.

இவ்விடத்தில் நமது நாட்டின் வரலாறும் வந்து கலக்கின்றது. பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டு, அந்நாற்றுக்கள் 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவை கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆதலின், சைக்கிளுக்கு வேண்டிய இறப்பர் நம் மண்ணில் விளைகின்றது. அதனை ஓட்டுவதற்கு வேண்டிய வலு நம் கால்களில் உள்ளது. பெற்றோலோ ஒரு துளியும் நம் நாட்டிற் கிடைப்பதில்லை. அதற்குரிய எண்ணெய் முழுவதையும் அந்நியச் செலாவணி கொடுத்தே பெறுகின்றோம். இவ்வேறுபாட்டின் பொருளை நாம் இருமுறை நேரிற் கண்டோம், இருமுறையும் மறந்தோம்.

முதன்முறை கற்ற பாடம்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபொழுது நான் சிறுவன். குடாநாட்டுக்கு வரும் பாதைகள் அடைபட்டன. எரிபொருள் உள்ளிட்ட பல பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் சிறு போத்தல்களில், மருந்தைப் போல அளந்து விற்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோர் சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அது விட்டுச் சென்ற புகையின் நெடி இன்றும் என் நாசியை விட்டு அகலவில்லை.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தைத் தாங்கியது சைக்கிளே என்றால் அது மிகையாகாது. வைத்தியரும் நோயாளியும், ஆசிரியரும் மாணாக்கரும், பூசகரும் வியாபாரியும் அதிலேயே சென்றனர். விறகும் வாழைக்குலையும் அரிசி மூடையும் அதிலேயே வந்தன. மணப்பெண்ணும் அதன் பின்னிருக்கையில் ஏறிக் கோயிலுக்குச் சென்றதுண்டு. மின்சாரம் இல்லாத இரவுகளில், சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, நான் பெடலை மிதிக்க, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி பேசும். தந்தையார் செய்தி கேட்பார். என் கால் சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துவிடும். பின்னர் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் பாடம் படிப்போம்.

தந்தையார் அரசாங்க இலிகிதர். நாள்தோறும் பன்னிரண்டு கிலோமீற்றர் மிதித்து அலுவலகம் சென்று வருவார். புதிய ரயர் கிடைப்பது அரிதாகையால், வெடித்த இடத்தில் உட்புறமாகப் பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து ஓட்டுவார். காலையில் நான் பாடசாலைக்குப் புறப்படும்பொழுது படலையடியில் நின்று அவர் கேட்கும் கேள்வி எப்பொழுதும் ஒன்றே: "தம்பி, காத்துப் பாத்தனியே?"

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபொழுது, அந்தச் சைக்கிளும் எங்களோடு பெயர்ந்தது. மழையில், சன நெரிசலில், அதில் ஏறி மிதிக்க இடமேது? பாத்திரங்களும் துணிகளும் பாட்டியாரின் மருந்துப் பையும் அதன்மேல் இருக்க, தந்தையார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு உருட்டிச் சென்றோம்.

இவ்வாறு நம்மைக் காத்த வண்டியை, காலம் மாறியதும் நாம் எவ்வாறு நடத்தினோம்? போர் முடிந்தது 2009ஆம் ஆண்டில். பாதைகள் திறந்தன, வீதிகள் அகன்று காப்பற் வீதிகளாயின, தவணைப் பணத்தில் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. பல்லாண்டு துன்புற்ற மக்கள் வசதியை விரும்பியது குற்றமன்று. ஆனால் வசதியைத் தேடிய நாம், சைக்கிளைத் துன்பத்தின் சின்னமாக மனத்திற் பதித்துக்கொண்டோம். இல்லாதவன் ஏறுவது அது என்றாயிற்று. பிள்ளைகளுக்கு நாம் அதை வாயாற் சொல்லிக் கொடுக்கவில்லை. வாழ்ந்து காட்டிக் கற்பித்தோம்.

இரண்டாம் முறை

2022ஆம் ஆண்டு வந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போகவே, எரிபொருட் கப்பல்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாயிருந்த பெற்றோல், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. விலையேற்றத்திலும் கொடியது வரிசை. இரவு பகலாக மக்கள் எரிபொருள் நிலையங்களின் முன்னே காத்துக் கிடந்தனர். பாடசாலைகள் பல சில வாரங்கள் மூடப்பட்டன. பின்னர் தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தபொழுது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என வரையறுத்தனர்.

அப்பொழுது பலர் வீட்டின் பின்புறத்துக்குச் சென்றனர். பழைய சைக்கிளைத் தேடினர். பழுதுபார்ப்போர் கடைகளில் மீண்டும் கூட்டம். கொழும்பிலும் உத்தியோகத்தர்கள் கழுத்துப் பட்டியுடன் சைக்கிளிற் செல்லும் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. நானும் சில வாரம் மிதித்தேன். எரிபொருள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், மற்றையோரைப் போல நானும் சைக்கிளைக் கொட்டிலில் வைத்துப் பூட்டினேன்.

பசித்தபொழுது உண்ட சோற்றை, பசி தீர்ந்ததும் இகழ்வது நன்றியன்று. பஞ்சம் வந்தபொழுது மட்டும் நாம் நாடும் தோழனாகச் சைக்கிள் இருக்குமாயின், அதனை நாம் என்றும் பஞ்சத்தோடு சேர்த்தே நினைப்போம். பஞ்சமில்லாத நாளில், நாமே விரும்பித் தெரிந்து அதில் ஏறும்பொழுதுதான் அதன் உண்மைப் பயன் நமக்கு உரியதாகும்.

ஒல்லாந்தர் செய்தது என்ன?

நம் பட்டினத்துக் கோட்டையை 1658ஆம் ஆண்டிற் கைப்பற்றிப் பெருப்பித்துக் கட்டிய ஒல்லாந்தரின் நாட்டைச் சற்றே நோக்குவோம். இன்று அந்நாட்டில் மக்கட்டொகையிலும் சைக்கிட்டொகை அதிகம். அவர்கள் பிறப்பிலேயே சைக்கிள் விரும்பிகள் என்று பலரும் எண்ணுவர். அது முற்றிலும் உண்மையன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செல்வம் பெருகவே அவர்களும் நம்மைப் போலக் காருக்கு மாறினர்; நகரங்களை இடித்து வீதிகளை அகலமாக்கினர். அதன் விலை யாது? 1971ஆம் ஆண்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் மாண்டனர். அவர்களுள் நானூற்றுக்கும் அதிகமானோர் சிறுவர்.

பிள்ளைகளை இழந்த பெற்றோரும் மற்றையோரும் வீதியில் இறங்கிக் குரல் கொடுத்தனர். "சிறுவர் கொலையை நிறுத்து" என்பதே அவ்வியக்கத்தின் பெயர். அத்தறுவாயில், 1973ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் அனுப்ப மறுத்தன. நவம்பர் 4ஆம் நாள் தொடக்கம் ஏறக்குறைய இரண்டு மாதங்கட்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வாகனம் ஓட்டுவதை அரசாங்கம் தடுத்தது. பெருவீதிகளிற் பிள்ளைகள் விளையாடினர். முதியோர் அச்சமின்றிச் சைக்கிளிற் சென்றனர்.

எண்ணெய்த் தடை நீங்கியது. நாம் செய்ததை அவர்கள் செய்யவில்லை. முடைக் காலத்திற் கண்ட நன்மையை நல்ல காலத்துக்கும் நிலைநிறுத்த முற்பட்டனர். சைக்கிளுக்குத் தனிப்பாதை அமைத்தனர்; குடியிருப்பு வீதிகளில் வேகத்தைக் குறைத்தனர்; புகையிரத நிலையங்களில் தரிப்பிடம் கட்டினர். இன்று உற்றெக்ற் நகரப் புகையிரத நிலையத்தின் கீழே 12,500 சைக்கிள்களை நிறுத்தும் இடமுண்டு. அங்கே பேராசிரியரும் சைக்கிளில் வருவார்; அமைச்சரும் வருவார். சைக்கிளைக் கண்டு எவரும் ஒருவரின் வருமானத்தை அளப்பதில்லை.

அவர்களுடைய நாடு தட்டையானது என்பர். நம் குடாநாட்டில் மட்டும் மலையா இருக்கின்றது? மேடென்று சொல்லத்தக்க மேடொன்றும் இல்லாத நிலம் நம்முடையது. அவர்களுக்குப் பனியும் குளிர்காற்றும் உண்டு. நமக்கு வெயிலும் மாரி மழையும் உண்டு.

கணக்கைப் பாருங்கள்

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் ஆறு கிலோமீற்றர் என்க. போய்வரப் பன்னிரண்டு. ஆண்டில் 200 நாள் வேலை என்றால் 2,400 கிலோமீற்றர். லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 48 லீற்றர் பெற்றோல் வேண்டும். பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் காருக்கு 200 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபா என வைத்துக்கொண்டால், முன்னையதற்கு 14,400 ரூபா. பின்னையதற்கு 60,000 ரூபா. எண்ணெய் மாற்றுதல், பழுது, காப்புறுதி, வரி ஆகியவற்றை நான் இதிற் சேர்க்கவில்லை.

பணக் கணக்கு இது. காற்றின் கணக்கு வேறு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமிலவாயு வானிற் கலக்கின்றது. ஒரு லீற்றரின் நிறையோ முக்கால் கிலோ அளவே. முக்கால் கிலோப் பொருளிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட வாயு எங்ஙனம் வரும் என்று மாணவர் கேட்கலாம். பெற்றோலிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து எரிவதால் அந்நிறை கூடுகின்றது. இவ்வாறு நோக்கினால், மேற்கூறிய மோட்டார் சைக்கிள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 110 கிலோ கரியமிலவாயுவையும், கார் 460 கிலோவையும் வெளிவிடும். பூமியின் வெப்பம் ஏறுவதற்கும், மழை பருவம் தவறுவதற்கும், கடல் மட்டம் உயர்வதற்கும் இவ்வாயுவே தலையாய காரணம். தாழ்ந்த கரையும் தீவுகளும் உடைய நாம், கடல் உயர்வதை வேறெவருடைய கவலையோ என்று விட்டுவிட இயலாது.

சைக்கிளுக்கு வேண்டுவது காலையில் உண்ட இடியப்பத்தின் வலு மட்டுமே. ஒரு கிலோமீற்றர் நடப்பவர் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கைக் கொண்டே சைக்கிளில் அத்தூரத்தைக் கடக்கலாம். மனிதன் செய்த பொறிகளுள், மனித வலுவை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துவது பிறிதொன்றில்லை.

உடலுக்கு வரும் ஊதியம்

நம் உறவினர் கூடும் இடங்களிற் பேச்சு எதிலே தொடங்கினாலும், சீனி வியாதியிலும் இரத்த அழுத்தத்திலும் போய் முடிவதை யாவரும் அறிவோம். வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புச் செய்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அதற்கென நேரம் இல்லை என்பதே நம்மவர் கூறும் விடை. சைக்கிளில் வேலைக்குச் செல்பவருக்கு அதற்கெனத் தனி நேரம் வேண்டியதில்லை. செல்லும் நேரமே பயிற்சி நேரமாகின்றது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நோக்கத்தக்கது. பிரித்தானியாவில் 2,60,000க்கும் மேற்பட்டோரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், காரிலும் பஸ்ஸிலும் வேலைக்குச் சென்றோரைவிடச் சைக்கிளிற் சென்றோரிடையே அக்காலத்துள் இறக்கும் வாய்ப்பு 41 சதவீதம் குறைவாயிருந்தது. சைக்கிள் மட்டுமே அதற்குக் காரணம் என்று இத்தகைய ஆய்வினால் அறுதியிட்டுக் கூறவியலாது. சுகதேகிகளே சைக்கிளில் ஏறியிருத்தலும் கூடும். புகைத்தல், உணவு, உடற்பருமன் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு நிலைத்தது என்பதையும் மறத்தலாகாது.

தடைகள் எவை?

வியர்வை ஒரு தடை என்பர். இருபது நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு, ஆறுதலாக மிதித்து, கல்லூரியில் முகங்கழுவிச் சட்டையை மாற்றிக்கொண்டால் அத்தடை நீங்கிவிடுகின்றது. சேலை உடுத்த ஆசிரியைமார் பலர் இன்றும் சைக்கிளிலேயே பாடசாலைக்கு வருகின்றனர். தடையுள்ள காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண் பிள்ளைகள் சைக்கிளிலே தனியே சென்று கல்வி கற்றமை நம் சமூகத்தில் ஏற்பட்ட ஒரு பெரிய மாற்றம் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

மழை மற்றொரு தடை. மாரி காலத்துச் சில நாள்களில் பஸ்ஸிற் செல்வதே அறிவுடைமை. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாது மிதிக்க வேண்டும் என்று எவரும் சபதம் எடுக்கவில்லையே!

மூன்றாவது தடை அச்சம். இதனை நான் இலகுவாகத் தள்ளிவிட மாட்டேன். மீண்டும் சைக்கிளில் ஏறிய முதல் வாரத்தில், பிரதான வீதியில் வேகமாக முந்திச் சென்ற வான் ஒன்றின் பக்கக் கண்ணாடி என் கையிற் பட்டது. நிலைதடுமாறி வீதியோரத்து மணலில் விழுந்தேன். முழங்கை உரசிய அளவோடு தப்பினேன். வீட்டுக்கு வந்ததும் மனைவியார் காயத்தைக் கழுவி மருந்திட்டார். பின்னர், "இஞ்சாருங்கோ, உங்கடை கொள்கை நல்லதுதான். ஆனால் பிள்ளையளுக்குத் தேப்பன் வேணும். அந்தப் பெரிய றோட்டாலை இனிப் போகாதேங்கோ" என்றார்.

அவர் கூற்றிலிருந்த நியாயத்தை என்னால் மறுக்க இயலவில்லை. நூல்களிற் படித்த எந்த எண்ணிக்கையும் அவருக்கு விடையாகாது. ஆயினும் அவர் சைக்கிளைத் தடுக்கவில்லை. பெரிய வீதியையே தடுத்தார். அதனை எண்ணிப் பார்த்தபொழுது ஒரு வழி புலப்பட்டது. நம் ஊர்களில், வேலிகளுக்கும் மதில்களுக்கும் இடையே ஓடும் ஒழுங்கைகள் எத்தனை! கோயிலுக்கும் குளத்துக்கும் தோட்டத்துக்கும் செல்ல முன்னோர் விட்ட வழிகள் அவை. இரண்டு மாலைப் பொழுதுகள் சுற்றிப் பார்த்து, ஒழுங்கை வழியே கல்லூரிக்குச் செல்லும் பாதையொன்றைக் கண்டறிந்தேன். பெரிய வீதியிற் சென்றால் ஆறு கிலோமீற்றர், இவ்வழியில் ஏழு. அரைமணி நேரம் செல்கின்றது. போய்வர ஒரு மணி. வாரத்துக்கு ஐந்து மணி. உலக சுகாதார நிறுவனம் கூறிய மேலெல்லையான 300 நிமிடமும் அதில் நிறைந்துவிட்டது.

பெரிய வீதியை இரண்டிடத்திற் குறுக்கே கடக்க வேண்டியிருக்கின்றது. அங்கே இறங்கி உருட்டிச் செல்கின்றேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

செய்யத்தக்கவை

தனியொருவர் ஒழுங்கை தேடுவது போதாது. பாடசாலைகளின் முன்னே வாகன வேகத்தைக் கட்டுப்படுத்தல் வேண்டும். வீதிகளை அகலமாக்கும்பொழுது ஓரத்திற் சைக்கிளுக்கென ஒரு பகுதியைக் கோடிட்டு ஒதுக்கல் வேண்டும். ஒதுக்கிய பகுதியில் வாகனங்களை நிறுத்தாது காத்தல் அதனினும் முக்கியம். உள்ளூராட்சிச் சபைகள் ஒழுங்கைகளின் பள்ளங்களை நிரப்பி விளக்கிட்டால், பெருஞ்செலவின்றியே நமக்குச் சைக்கிட்பாதைகள் கிடைத்துவிடும். பாடசாலைகளும் அலுவலகங்களும் மோட்டார் வாகனத்துக்கு நிழலும் சைக்கிளுக்கு வெயிலும் என்று இடம் பிரிப்பதை விட்டு, சைக்கிளுக்கும் கூரையிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பரீட்சையிற் சித்தியெய்தினால் மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதாகப் பிள்ளைக்கு வாக்களிக்காதீர்கள். சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் வயதை எட்டாத பிள்ளையிடம் திறப்பைக் கொடுப்பது அன்பாகாது.

வேலைக்குச் செல்வோர் எடுத்த எடுப்பிலே ஐந்து நாளும் மிதிக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் தொடங்குங்கள். உடல் பழகிய பின் இரண்டாக்குங்கள். ஆசனத்தின் உயரத்தைச் சரிசெய்யுங்கள்: பெடல் கீழே வரும்பொழுது முழங்கால் ஏறக்குறைய நீண்டு, சிறிதே மடிந்திருத்தல் வேண்டும். ஆசனம் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். பலர் சைக்கிளை வெறுப்பதற்கு அதுவே காரணம். பிறேக் இரண்டும் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். செயினுக்கு எண்ணெய் இடுங்கள். பொழுதுபட்ட பின் முன்னே விளக்கும் பின்னே சிவப்பு ஒளியும் இன்றிச் செல்லாதீர்கள். வெண்ணிற மேலாடை தூரத்தில் வருவோர் கண்ணுக்கு விரைவிற் புலப்படும். நோயுற்றோரும் முதியோரும் வைத்தியரின் ஆலோசனை பெற்றே தொடங்குதல் நன்று.

அந்த மாணவன்

அவனிடம் நான் மீண்டும் எதுவும் பேசவில்லை, அறிவுரை கூறவில்லை. என் தந்தையாரின் சைக்கிளைக் கல்லூரிக்குக் கொண்டு சென்று, ஆசிரியர்கள் வாகனம் நிறுத்தும் இடத்திலன்றி, மாணவர்களின் கொட்டகையில் நிறுத்தினேன். முதல் வாரம் சிலர் சிரித்தனர். சக ஆசிரியர் ஒருவர், "மாஸ்ரர், திரும்பவும் பெற்றோல் தட்டுப்பாடோ?" என்று கேட்டார். ஏறக்குறைய இரண்டு மாதம் இவ்வாறு கழிந்தது.

ஒருநாட் பிற்பகல், கல்லூரி விட்ட பின் கொட்டகைக்குச் சென்றேன். அம்மாணவன் என் சைக்கிளின் அருகே குந்தியிருந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"சேர், செயின் லூசாக் கிடக்குது. இறுக்கித் தரட்டே?"

அவன் பையிலே ஒரு சிறு குறடு இருந்தது. பின்சக்கரத்தின் நட்டை இளக்கி, சக்கரத்தைப் பின்னுக்கிழுத்து நேராக்கி, மீண்டும் இறுக்கினான். தகப்பனார் பழக்கிவிட்ட கை என்பது தெரிந்தது. வேலை முடிந்ததும் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, கொட்டகையின் மறுகோடியில் நின்ற தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சென்றான். தேநீர்க் கடை வேலியோரம் மறுநாள் வெறுமையாயிருந்தது.

அவன் நாளைக்கு உத்தியோகம் பெற்று மோட்டார் சைக்கிளோ காரோ வாங்கக்கூடும். வாங்கட்டும். தூரப் பயணத்துக்கும் அவசரத்துக்கும் அவை வேண்டியவையே. தந்தையின் சைக்கிளை மறைத்து வைக்க வேண்டிய பொருளாக அவன் இனி எண்ண மாட்டான் என்பதே எனக்குப் போதும்.

வாசகர்களே, உங்கள் வீட்டின் பின்புறத்திலும் ஒரு சைக்கிள் சாத்தியிருக்கக்கூடும். அது பஞ்ச காலத்தில் உங்களையோ உங்கள் பெற்றோரையோ சுமந்ததாயிருக்கும். இன்னொரு பஞ்சம் வரும்வரை அதனைக் காக்க வைக்காதீர்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, நேரமிருக்கின்றது. வெளியே எடுத்துத் தூசியைத் துடையுங்கள். நாளைக் காலை புறப்படுமுன் மறவாது காற்றுப் பாருங்கள்.